பட்டைவாலன் வரும் பத்து நாள்

அரசு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருபத்தோரு வருடம் வேலை பார்த்ததில் அவளுக்கு ஊசியக்கா என்றே பேர் நிலைத்துவிட்டது. கைக்குழந்தையானாலும் சரி, நரம்பு சுருங்கிப்போன கிழவரானாலும் சரி, ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள். வாரத்தில் ஆறு நாள் இந்த வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தூண்டில் கழியைத் தூக்கிக்கொண்டு முகத்துவாரத்துக்குக் கிளம்பிவிடுவாள். "ஆறு நாள் மனுஷனைக் குத்துறது போதாதுன்னு ஏழாம் நாள் மீனைக் குத்தப் போறா" என்பார் கணக்கு வாத்தியாரான அவள் கணவர். சொல்லிவிட்டு, திருத்த வேண்டிய விடைத்தாள்களை மடியில் போட்டுக்கொள்வார். அதற்குமேல் தடுத்ததில்லை.

ஆறு கடலோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் கருங்கல் சுவர் நீளும். வடக்குச் சுவர்தான் தூண்டில்காரர்களுக்கு. ஒரு பல் டாக்டர், ஒரு பஸ் டிரைவர், இன்னும் பத்துப் பதினைந்து பேர். சங்கம் என்று பதிவு செய்து வைத்திருந்தார்கள். தலைவர் பல் டாக்டர். பெண் என்று பார்த்தால் ஊசியக்கா ஒருத்திதான். அத்தனை பேரும் காத்துக் கிடந்தது ஒரே மீனுக்கு.

பட்டைவாலன் என்று அதற்குப் பேர். ஆள் உயரத்தில் பாதி வளரும். வால் தொடங்கும் இடத்தில் விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை. தூண்டிலில் மாட்டினால் முக்கால் மணி நேரம் ஆளை ஆட்டி வைத்துவிடும். பிடிப்பதோடு சரி, யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. ஈரச்சாக்கில் கிடத்தி, நீளம் அளந்து, முதுகோரம் ஒரே ஒரு செதிலை எடுத்துக்கொண்டு, தண்ணீருக்குள் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருப்பார்கள். செவுள் திறந்து மூடத் தொடங்கி, அதுவே உதறிக்கொண்டு போகிற வரைக்கும் கையை எடுக்க மாட்டார்கள்.

செதில் எடுக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தவள் ஊசியக்காதான். பரிசோதனைக்கூடத்தில் அன்றைய வேலை முடிந்த ஒரு சாயங்காலம், என்னவோ தோன்றி ஒரு செதிலைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். வெட்டிய மரத்தில் தெரிவதுபோல வளையம் வளையமாக இருந்தது. வருடத்துக்கு ஒன்று என்று புத்தகத்தில் படித்திருந்தாள். எண்ணினாள். இருபத்தேழு. மறுபடி எண்ணினாள். அதே இருபத்தேழு. தன் கல்யாணத்துக்கு முன்பே பிறந்த ஒன்றை ஞாயிற்றுக்கிழமை கையில் பிடித்திருந்தோம் என்ற நினைப்போடு, வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு நோட்டு வாங்கினாள்.

அதிலிருந்து ஒன்பது வருடம் எழுதினாள். நீளம், வயது, பிடித்த இடம், ஆழம், நீர் ஏறுகிறதா இறங்குகிறதா, எல்லாம். எழுத எழுதச் சங்கதி துலங்கியது. பட்டைவாலன் பத்து வயதாகாமல் சினை பிடிக்காது. மழைக்காலம் முடிந்து வரும் இரண்டாவது பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கிப் பத்தே நாள், சுற்று வட்டாரத்துக் கடலில் இருக்கிற அத்தனையும் முகத்துவாரத்துக்கு முட்டையிட வரும். அந்தப் பத்து நாளில்தான் சுருக்குவலைப் படகுகளும் வரும். வளைத்துப் போட்டு அடியில் கயிற்றை இழுத்தால் பை மாதிரி சுருங்கிக்கொள்ளும் வலை அது. உள்ளே போனது போனதுதான். ஏழாம் வருடம் மீன் சிறுத்தது. எட்டாம் வருடம் எண்ணிக்கை பாதியானது. ஒன்பதாம் வருடம் வரிசையாக மூன்று ஞாயிறு வெறுங்கையோடு திரும்பினார்கள்.

பல் டாக்டரின் மருத்துவமனையில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் சங்கம் கூடியது. சுவரில் ஆளுயரப் பல் படம் ஒன்று எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பட்டைவாலனை வலைபோட்டுப் பிடிக்கவும் விற்கவும் தடை கேட்டு மீன்வளத்துறைக்கு மனு கொடுப்பது என்று முடிவானது.

"அக்கா, நீங்கதான் எழுதணும்" என்றார் பல் டாக்டர். "எங்ககிட்ட இருக்கறது வாய். உங்ககிட்டதான் கணக்கு இருக்கு."

"என் தம்பி வலைப்படகுதான் ஓட்டறான்" என்றாள் அவள்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவள் வாயிலிருந்து வந்தபோது கனமாக இருந்தது.

"அதனாலதான் நீங்க எழுதினா நம்புவாங்க" என்றார் டாக்டர்.

ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினாள். கணவர் கூட்டல் கழித்தலைச் சரிபார்த்துக் கொடுத்தார். இருபத்திரண்டு பக்கம். உதவி இயக்குநரின் மேஜையில் கொண்டுபோய் வைத்தார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் நிதானமாகப் புரட்டினார். கெட்ட மனிதர் அல்ல. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அவர்கள் எதிரிலேயே படித்த முதல் அதிகாரி அவர்தான்.

"நல்லா இருக்கும்மா. ஆனா எந்த இடத்துல, என்னைக்கு, எந்த நேரத்துல கூடுதுன்னு படம் போட்டுத் தரணும். பொத்தாம்பொதுவா முகத்துவாரம்னு சொன்னா மேல நிக்காது."

வெளியே வந்ததும் பஸ் டிரைவர் தலையை ஆட்டினார். "அது மட்டும் வேணாம் அக்கா. இப்ப வலைக்காரனுங்க குத்துமதிப்பாத்தான் போடறானுங்க. பத்துக்கு ரெண்டு தடவைதான் விழுது. நீங்க படம் போட்டுக் குடுத்தா, வீட்டைப் பூட்டிச் சாவியை வாசல்லயே மாட்டி வைக்கற மாதிரி."

"ஃபைல்லதானே இருக்கப் போகுது" என்றாள் அவள்.

"ஃபைலுக்குக் கால் கிடையாதா?"

இரண்டு நாள் யோசித்தாள். அரைகுறையாகக் கொடுத்துத் தள்ளுபடியாகிவிட்டால் அடுத்த வருடம் கேட்பதற்கு மீனே இருக்காது என்று பட்டது. வடக்குச் சுவரின் முனையிலிருந்து நூற்றைம்பது கஜத்தில் கடலடியில் ஒரு பள்ளம், ஒன்பது வருடக் குறிப்பை வைத்து அவள் கண்டுபிடித்தது. நீரேற்றம் நின்று இறக்கம் தொடங்கும் அந்த ஒரு மணி நேரம், மீன்கள் அதில்தான் அடுக்கிவைத்ததுபோல நிற்கும். அளவுகோல் வைத்துக் கோடு கோடாக வரைந்து, நாள்வாரியாக மணியும் குறித்து, அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறுவாரம் தம்பி பரிசோதனைக்கூடத்துக்கு வந்தான். அவனுக்குச் சர்க்கரை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றில் வந்து ரத்தம் கொடுப்பான். எப்போதும் அவள் கையால்தான். நாற்காலியில் உட்கார்ந்து, கேட்காமலே சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டான். அவள் ரப்பர் பட்டையைக் கட்டினாள்.

"எனக்கு எதிரா மனு போட்டியாமே."

"உனக்கு எதிரா இல்ல. கையை மூடு."

"பட்டைவாலன் சீசன்தான் எங்களுக்கு வருஷத்துல பாதி. அந்தப் பத்து நாளை நம்பி என் படகுல ஏழு பேரு. இது உனக்குத் தெரியாதா?"

"தெரியும்டா. அது போயிட்டா உனக்கு அந்தப் பத்து நாளும் கிடையாது. அதைத்தான் எழுதியிருக்கேன்." பஞ்சால் துடைத்தாள். நரம்பு தானாக எழும்பி நின்றது. அப்பா செத்தபோது படகு அவனுக்கு, படிப்பு அவளுக்கு என்று பங்கு பிரிந்தது. இருவருக்குமே அதில் குறை இருந்ததில்லை.

"நீ பொழுதுபோக்குக்குப் பிடிக்கற. நான் பொழப்புக்குப் பிடிக்கறேன். ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லதான்."

சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் ரத்தம் ஏறியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டையை அவிழ்த்து, பஞ்சை வைத்து, கையை மடக்கிவிட்டாள். குழாயில் அவன் பேரை எழுதினாள்.

"கருத்துக் கேக்கற கூட்டத்துக்கு நானும் வருவேன்" என்றான் அவன். "பேசுவேன். அப்புறம் வருத்தப்படாத."

"பேசு. முதல்ல போய்ச் சாப்பிடு."

கருத்துக்கேட்புக் கூட்டம் துறையின் மாடி அறையில் நடந்தது. ஒரு பக்கம் தூண்டில்காரர்கள், சலவை மடிப்புக் கலையாத சட்டைகளில். மறுபக்கம் வலைக்காரர்கள், நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றுகொண்டு. தம்பி எழுந்தான். அவன் இவ்வளவு நன்றாகப் பேசுவான் என்று அவளுக்கே தெரியாது.

"ஐயா, இவங்க மீனைப் பிடிச்சு, படம் எடுத்து, திரும்ப விட்டுடறாங்களாம். வாயில கொக்கி மாட்டி முக்கால் மணி நேரம் இழுத்த மீன் அதுக்கப்புறம் என்ன, கல்யாணத்துக்கா போகும்? நாங்க கொல்றோம், ஒத்துக்கறோம். நாலு பேர் வயித்துக்குப் போகுது. இவங்க விளையாட்டுக்கு நாங்க ஏன் பட்டினி கெடக்கணும்?"

சுவரோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். தூண்டில்காரர்களிலும் ஓரிருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

உதவி இயக்குநர் கேட்டார். "நியாயமான கேள்வி. நீங்க விடற மீன் பொழைக்குதா?"

"எல்லாம் பொழைக்குது சார்" என்று டாக்டர் எழுவதற்குள் ஊசியக்கா எழுந்துவிட்டாள்.

"இல்ல சார். கூண்டு கட்டி ரெண்டு நாள் வச்சுப் பார்த்தோம். பன்னிரண்டுக்கு ஒண்ணு செத்துப் போகுது. பக்கம் பதினாறுல எழுதியிருக்கேன். எங்களுக்கும் தடை போடறதா இருந்தாப் போடுங்க. மீன் இருந்தாப் போதும்."

டாக்டர் மெல்ல உட்கார்ந்தார். இறங்கும்போது படிக்கட்டில் அவர் முகம் கொடுக்கவில்லை. "காரியத்தையே கெடுத்துட்டீங்களே" என்று மட்டும் சொன்னார். தம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன், சக படகுக்காரர்கள் கூப்பிடவும் போய்விட்டான்.

ஆனால் காரியம் கெடவில்லை. ஆறு வாரம் கழித்து உதவி இயக்குநரே ஆய்வகத்துக்குப் போன் செய்தார். "உங்க பதினாறாம் பக்கத்தைப் பார்த்துத்தான்மா மேல இருக்கறவங்களுக்கு நம்பிக்கை வந்துச்சு. தன் பக்கத்துத் தப்பையே எழுதறவ மத்ததுல பொய் எழுத மாட்டாள்னு சொன்னாங்க. தடை வருது. வலை, தூண்டில் ரெண்டுக்கும்."

அன்றைக்கு அவள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தாள். டாக்டர் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். தூண்டிலுக்கும் தடை என்றதும் டிரைவருக்கு மட்டும் முகம் தொங்கியது. "சரி, இனிமே ஞாயித்துக்கிழமையும் வண்டி ஓட்டறேன்" என்றார்.

வரைவு அறிவிப்பு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் துறை அலுவலகத்துக்குப் போனாள். வராந்தாவில் கம்பி வலை போட்ட அறிவிப்புப் பலகை. ஆட்சேபம் தெரிவிக்க அறுபது நாள் அவகாசம், அதன் பிறகு தடை அமலுக்கு வரும் என்று இருந்தது. விரலை மடக்கி எண்ணினாள். பௌர்ணமி நாற்பத்தோராம் நாள் வந்தது. பத்து நாளும் அவகாசத்துக்குள்ளேயே அடங்கிவிட்டன.

கீழே இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு என்று தாள்கள் குத்தியிருந்தன. இரண்டாவது அவளுடைய படம். பள்ளம், தூரம், ஆழம், நாள், மணி. அவள் கையெழுத்தே தட்டச்சாகாமல் அப்படியே நகலாகியிருந்தது. அதற்கு முன்னால் இரண்டு பேர் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தெரிந்த முகங்கள் இல்லை. வெளியூர்த் துறைமுகத்து ஆட்கள்.

உதவி இயக்குநரின் அறைக்குள் அவள் அனுமதி கேட்காமல் நுழைந்தாள்.

"ஆதாரத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கணும்னு சட்டம்மா. இல்லாட்டி கோர்ட்டுல தடை நிக்காது."

"அப்ப அந்தப் பத்து நாளைக்கு மட்டுமாவது அவசரத் தடை போடுங்க சார்."

"கேட்டு எழுதியிருக்கேன். அந்த ஃபைல் மேல போயிருக்கு."

"எப்ப வரும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

நாற்பத்திரண்டாம் நாள் காலை விடுப்பு எடுத்துக்கொண்டு வடக்குச் சுவருக்குப் போனாள். டாக்டரும் டிரைவரும் முன்பே வந்திருந்தார்கள். யார் கையிலும் தூண்டில் இல்லை. வழக்கமாக ஏழெட்டுப் படகு வரும் இடத்தில் அன்றைக்கு நாற்பத்து மூன்று நின்றன. ஏற்றம் நிற்கும் நேரத்துக்காக எஞ்சினை அணைத்துவிட்டு, தேர்வு எழுதப்போகும் பிள்ளைகள்போல அமைதியாகக் காத்திருந்தன. டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. அந்த நேரம் அவளுக்கு மனப்பாடம்.

முதல் படகு பள்ளத்தைச் சுற்றி வளைத்தது. பிறகு ஒன்றன் பின் ஒன்றாக எல்லாம் வளைத்தன. வலை சுருங்கச் சுருங்க உள்ளே தண்ணீர் கொதிப்பதுபோலப் பொங்கியது. தம்பியின் படகும் அதில் இருந்தது. சிவப்பும் பச்சையுமாகத் தானே வருடா வருடம் சாயம் அடிப்பான். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் தெரியும்.

"போலாம் அக்கா" என்றார் டிரைவர்.

"நீங்க போங்க."

பத்து நாளும் வந்து பார்த்தாள். ஏழாம் நாளோடு பள்ளம் வற்றிவிட்டது. மிச்ச மூன்று நாளும் படகுகள் வெறும் வலையைத்தான் இழுத்தன.

அந்தப் பத்து நாளில் நான்காம் நாள், வேலை முடிந்து துறைமுக ஏலக்கூடத்துக்குப் போனாள். இத்தனை மீனை வாங்க ஊரில் ஆள் இல்லை. ஐஸ் தீர்ந்துபோயிருந்தது. சிமெண்டுத் தரையில் முழங்கால் உயரத்துக்குக் குவித்து, மேலே ஈரச்சாக்கு மூடியிருந்தார்கள். அழுத்தம் தாங்காமல் அடியில் கிடந்தவற்றின் வயிற்றிலிருந்து சினை பிதுங்கி, வாய்க்கால் ஓரமாக மஞ்சளாய் வழிந்துகொண்டிருந்தது. அவள் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்து எழுதத் தொடங்கினாள். அறுபதைத் தாண்டியதும் நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டாள்.

தம்பி பக்கத்தில் வந்து நின்றது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது.

"உன் படத்தை வச்சுக்கிட்டுத்தான் எல்லாவனும் வந்தான்" என்றான். குரலில் கோபம் இல்லை. "என் ஆளுங்க செல்போன்லயும் இருந்துச்சு. முப்பது வருஷம் ஓட்டறேன், எனக்கு அந்தப் பள்ளம் தெரியாது."

"நீயாவது போகாம இருந்திருக்கலாம்."

"நான் போகலேன்னா வெளியூர்க்காரன் அள்ளிட்டுப் போவான். அடுத்த வருஷம் தடை. அப்ப இந்த வருஷம் யாராவது விடுவானா? நீயே சொல்லு."

அவன் குந்தி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு மீனின் செவுளை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டான். அது வெளிறிப்போயிருந்தது.

"பாதியக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லிட்டாங்க" என்றான். "இவ்வளவு பிடிச்சு, அக்கா, வீட்டுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போக மனசு வரல."

அறுபதாம் நாள் முடிந்து தடை அமலுக்கு வந்தது. முகத்துவாரத்தில் இரும்புக் கம்பத்தில் பலகை நட்டார்கள். பட்டைவாலன் பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது தண்டனைக்குரியது. டாக்டர் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார். மற்ற மாவட்டங்களிலிருந்தெல்லாம் சங்கங்கள் வாழ்த்துக் கடிதம் அனுப்பின. வழிகாட்டி என்று ஊசியக்காவைப் பேசக் கூப்பிட்டார்கள். அவள் எதற்கும் போகவில்லை.

மறு வருடம் இரண்டாவது பௌர்ணமி வந்தது. துறை அவளுக்குக் கண்காணிப்பாளர் என்று அடையாள அட்டை கொடுத்து, கேமராவைக் கயிற்றில் கட்டிப் பள்ளத்தில் இறக்க ஒரு படகும் தந்தது. பத்து நாளும் இறக்கினாள். திரையில் மணலும் கிழிந்த வலைத் துண்டும் ஒரு நண்டும் தெரிந்தன. அடுத்த வருடமும் அப்படியே.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தடையைப் புதுப்பிக்க வேண்டும். படிவத்தை நீட்டியபோது உதவி இயக்குநருக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. "இந்த இடத்துல இந்த மீன் இருக்குன்னு ஆதாரம் வேணும்மா. இல்லேன்னா, இல்லாத மீனுக்கு எதுக்குத் தடைன்னு கேப்பாங்க. எடுத்துடுவாங்க."

டாக்டர் விஷயம் கேட்டு ஓடி வந்தார். "ஒண்ணு பார்த்தேன்னு எழுதுங்க அக்கா. ஒண்ணே ஒண்ணு. யார் வந்து எண்ணப் போறாங்க?"

படிவம் மூன்று நாள் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. கணவர் தட்டை அதில் படாமல் நகர்த்தி வைத்துச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தம்பி வந்தான். படகை விற்றுவிட்டுத் தண்ணீர் லாரி ஓட்டுகிறான் இப்போது. வாசலில் லாரியை நிறுத்திவிட்டு, கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். மேஜையைப் பார்த்தான். டாக்டர் அவனிடமும் சொல்லியிருக்க வேண்டும்.

"அக்கா, போன வாரம் துறைமுகத்துப் பக்கம் போனேன். பழைய கூட்டாளி வலையில ஒண்ணு ஏறியிருந்துச்சு. சின்னது. ஒரு சாண் இருக்கும். பட்டை நல்லாத் தெரிஞ்சுது. உடனே விட்டுட்டோம்."

"கடல்லயா?"

"ஆமா. முகத்துவாரத்துக்கு வெளியே."

அவள் அவனைப் பார்த்தாள். ஒரு சாண் குட்டி கடலுக்கு வராது. மூன்று வயது வரை ஆற்றுக்குள், நன்னீரில்தான் கிடக்கும். பட்டை விழுவதே அதற்கப்புறம்தான். அவள் அதைச் செதில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அவனோ பதினைந்து வயதிலிருந்து வலை இழுத்தவன். அவனுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

"எவ்வளவு இருக்கும்னு சொன்ன?"

அவன் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டினான். கையை அப்படியே வைத்திருந்தான். கண்ணை மட்டும் அவள் பக்கம் கொண்டுவரவில்லை.

"சரிடா" என்றாள்.

எழுந்துபோய்த் தேநீர் போட்டாள். அவனுக்குச் சர்க்கரை இல்லாமல், தனக்குச் சர்க்கரையோடு. அவன் குடித்துவிட்டு, இன்னும் நாலு தெருவுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கிளம்பினான். லாரி முனை திரும்பும் வரை வாசலில் நின்றுவிட்டு, உள்ளே வந்து பேனாவை எடுத்தாள். பார்த்த நாட்கள் இருபது. பார்த்த மீன்கள் என்ற கட்டத்தில் சுழியம் போட்டு, கீழே கையெழுத்தும் தேதியும் இட்டாள்.